நிபுணர் வாங்கிய அகல லென்ஸ்

அவரை நிபுணர் என்று முதலில் கூப்பிட்டது அவருடைய அண்ணன்தான். பாராட்டாக அல்ல. மின்விசிறி வாங்கி வரச் சொன்னால் கோடை முழுக்க இறக்கையின் வளைவை ஆராய்ந்துவிட்டு, மழை பிடித்த பிறகு பெட்டியோடு வந்து நிற்கிற தம்பியை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டு வந்த மனைவிக்கும் அது தோதாகப் போயிற்று. கோபம் வரும்போது மட்டும் அவள் அதைப் பயன்படுத்துவாள், அதாவது பெரும்பாலும்.

நிபுணருக்கு மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனியில் வேலை. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலையே. திருகிப் பார்ப்பார், கவிழ்த்துப் பார்ப்பார், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஒன்று கசிந்தாலும் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வேலையில் அவரைக் குறை சொன்னவர் கிடையாது. மற்ற நேரத்தில் அவர் கலைஞர்.

கலைஞர் என்பதற்குச் சாட்சியாக அவரிடம் ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருந்தது. ஃபிலிம் போடுகிற வகை. இந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் உள்ளே போகிற லென்ஸ் வேறு. ஜன்னலில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ். நிபுணர் இதை விளக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். அண்ணன் ஒருவர்தான் கடைசிவரை கேட்பார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பொறுமை அதிகம், அதைவிட நக்கல் அதிகம்.

"அப்ப லென்ஸு என்ன பாக்குதுன்னு உனக்குத் தெரியவே தெரியாது?"

"தெரிய வேண்டியதில்லை அண்ணா. அதுதான் இதோட அழகு."

"அழகுதான். பக்கத்துக் கண்ணாடியைப் பாக்காம பஸ்ஸைப் பின்னால எடுக்கிற மாதிரி."

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், தன் வீட்டின் பின்னறையில் கட்டிலோடு ஒடுங்கிய பிறகுதான் அந்தக் கேமராவுக்கு ஒரு வேலை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, அண்ணன் தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இதைப் பாரு. போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கேன். என் ஆயுசுல எடுத்த எல்லாப் படத்துலயும் இதே மூஞ்சிதான். நான் போனதும் உங்க அண்ணி இதைத்தான் பெருசாக்கிச் சுவத்துல மாட்டுவா."

"பின்ன? வேற எது இருக்கு?" என்றாள் அண்ணி, துணி மடித்துக்கொண்டே. "கேமராவைப் பாத்தா இஞ்சி தின்ன மாதிரி ஆயிடுவீங்க."

"அதான் சொல்றேன். நிபுணரே, நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கிற மாதிரி, நான் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடு. ஒண்ணு போதும். இந்த மூஞ்சி சுவத்துக்குப் போகக் கூடாது."

வேறு ஒரு தம்பியாக இருந்தால் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து அப்போதே வேலையை முடித்திருப்பான். நிபுணர் ஃபோனில் படம் எடுப்பவர்களைத் தட்டில் வைத்த சோற்றைப் படம் எடுப்பவர்களோடு சேர்த்து ஒதுக்கி வைத்திருந்தார். அவர் அறையை அளந்தார்.

அறை ரயில்பெட்டி மாதிரி நீளவாக்கில் குறுகியது. ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் இயந்திரம், அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கிற ஒரே ஜன்னல். கையில் இருந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில், முதுகு சுவரோடு ஒட்ட நின்றாலும் அண்ணனின் ஒரு காதும் அண்ணியின் ஒரு தோளும்தான் அடங்கின. ஃபிளாஷ் போடலாமே என்று அண்ணி கேட்டதற்கு, அது முகத்தில் அறைவதற்குச் சமம் என்று நிபுணர் வருத்தத்தோடு சொன்னார். ஆக, தேவை இரண்டு. குறுகிய அறைக்கு அகலமான லென்ஸ். இருட்டு அறைக்கு வேகமான லென்ஸ். அதாவது வாய் பெரிதாகத் திறந்து வெளிச்சத்தை அள்ளிக்கொள்கிற வகை. அன்று சாயங்காலம் வீடு திரும்பிய நிபுணரின் முகத்தில் கல்யாணம் நிச்சயமானவனின் களை இருந்தது என்று மனைவி பிற்பாடு சொன்னாள். "என்னைப் பொண்ணு பேசினப்பகூட அந்தக் களை இல்ல."

தேர்வு இரண்டு லென்ஸ்களுக்கு நடுவில் வந்து நின்றது. எண் குறையக் குறைய அகலம் கூடும் என்பதால் இருபத்தெட்டு மில்லி நன்றாக அகலம். ஆனால் ஓரத்தில் நிற்கிறவர்களின் மூக்கை உப்ப வைக்கும். முப்பத்தைந்து மில்லி மூக்கை மதிக்கும், இன்னும் கூடுதலாக வெளிச்சம் அள்ளும். ஆனால் அந்த அறையில் அதற்கு இடம் போதுமா என்பது சந்தேகம். இருபத்தெட்டு என்று முடிவு செய்துவிட்டுப் படுப்பார். காலையில் முப்பத்தைந்தாக எழுந்திருப்பார். இணையத்தில் ஊர் பேர் தெரியாத மனிதர்கள் செங்கல் சுவர்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள், மூலையில் இருக்கும் செங்கல்லும் துல்லியமாகத் தெரிகிறது என்று காட்ட. நிபுணர் அந்தச் சுவர்களைத் தன் சொந்த வீட்டுச் சுவரைவிட நன்றாக அறிந்தார். சொந்தச் சுவரில் தண்ணீர் ஓதம் ஏறியதை மனைவி மூன்று முறை சொன்ன பிறகு பார்த்தார்.

ஞாயிறு தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போனார். எங்கே நின்றால் எந்த லென்ஸுக்கு எவ்வளவு அடங்கும் என்று தரையில் நிறநிறமாக டேப் ஒட்டினார். அண்ணி தரை துடைக்கும்போது அதையெல்லாம் உரித்துப் போடுவாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் ஒட்டுவார். அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் வழியாக அண்ணனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னடா, இப்பவே சட்டம் போட்டுப் பாக்கிறியா? பொருத்தமா இருக்கா?"

"ஓரத்துல அண்ணி மூக்கு வீங்குமோன்னு யோசிக்கிறேன் அண்ணா."

"அவ மூக்கு கல்யாணத்தன்னிக்கே வீங்கித்தான் இருந்துச்சு."

"உங்க மூக்குல குழாய் இருக்கேன்னு பாக்கிறேன். இல்லன்னா நல்லா வாங்கிக் கட்டிப்பீங்க," என்பாள் அண்ணி.

இப்படியே குளிர்காலம் போயிற்று. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தவர் சாய்ந்தார். சாய்ந்தவர் தலையணைகளுக்குள் இறங்கினார். நிபுணர் அதைக் கவனித்தார். அண்ணன் தாழ்ந்துவிட்டதால் கேமராவின் கோணத்தையும் மாற்ற வேண்டுமே என்று கவலைப்பட்டார்.

கடைசியில் வாங்கிவிட்டார். இருபத்தெட்டு. முடிவெடுத்ததாலா என்றால் இல்லை. கேமராக் கடைக்காரர் இவரைப் பார்த்தாலே உள்ளறைக்குள் போய்விடுகிற நிலை வந்து, ஒருநாள் வெளியே வந்து, "இதை எடுத்துட்டுப் போங்க சார், பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், ஆனா எடுத்துட்டுப் போங்க," என்று கையில் திணித்துவிட்டதால். பழைய கேமராவின் ஜன்னலுக்கு இந்த லென்ஸின் அகலம் அடங்காது. அதனால் கேமராவின் தலைமேல் செருகிக்கொள்ள ஒரு தனி ஜன்னலும் வாங்க வேண்டியிருந்தது. ஆக, ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொரு ஜன்னலில் சட்டம், படம் உள்ளே போவது மூன்றாவது வழியில்.

அந்த ஞாயிறு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி நல்ல புடவை கட்டியிருந்தாள். அண்ணனுக்குச் சவரம் செய்து, பவுடர் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நிபுணர் லென்ஸ் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தை அளக்கும் கருவியை அண்ணனின் கன்னத்தருகே நீட்டியபோது இருமல் வந்துவிட்டது. அண்ணி மருந்தை ஆவியாக்கும் நெபுலைசரைப் போட்டாள். அறையில் வெள்ளையாகப் புகை பரவியது. நிபுணர் பதறிப்போனார். அண்ணனுக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் லென்ஸை மார்போடு அணைத்து, ஆவி படாமல் மூடியைப் போட்டு அழுத்தினார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று, தொழில் பழக்கத்தில், விரலால் தடவியும் பார்த்தார்.

இருமல் அடங்கியது. நிபுணர் தன் டேப்பின் மேல் போய் நின்றார். கீழ் ஜன்னலில் அண்ணனின் இரண்டு முகங்களை ஒன்றாகச் சேர்த்தார். மேல் ஜன்னலில் கட்டிலையும் அண்ணியையும் அடக்கினார். பொத்தானை அழுத்தினார். கிளிக் என்று அந்த வகைக் கேமராவுக்கே உரிய மெல்லிய சத்தம்.

அண்ணன் வழக்கம்போல இஞ்சி தின்ற முகத்தோடுதான் ஆரம்பித்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக் கேமராவையே பார்த்தார். அண்ணியின் முழங்கையை இடித்தார். உதடு ஒருபக்கமாக இழுத்தது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், குழாய் மூக்கிலிருந்து நழுவ, தோள் குலுங்க, பக்கத்து வண்டிக்காரன் பள்ளத்தில் இறங்கியதைப் பார்த்த பஸ் ஓட்டுநரின் சிரிப்பு.

"அப்படியே இருங்க அண்ணா! அப்படியே! அசையாதீங்க!" நிபுணர் ஃபிலிம் தீரும்வரை அழுத்தினார்.

"இந்தக் கூத்தையும் ஒருத்தர் எடுத்து வைக்கணும்ல," என்று மனைவி கதவோரம் நின்று ஃபோனில் ஒன்று தட்டி, அண்ணிக்கு அனுப்பி வைத்தாள். நிபுணர் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

படம் கழுவக் கொடுத்த இடம் அதே கடை. அடுத்த வாரம் கடைக்காரர் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிபோல இருந்தது, அதன் வழியாகத் தெருவில் போகிற சைக்கிள் தெரிந்தது.

"சார், ஒண்ணுமே விழல. மூடியைக் கழட்டினீங்களா?"

"நான் யாருன்னு தெரியுமா? மூடின்னா என்னன்னு எனக்கே சொல்றீங்களா?" என்று நிபுணர் சத்தம் போட்டார். பாதித் தெரு தாண்டியதும் நெபுலைசரின் புகை ஞாபகம் வந்தது. விரலால் தடவிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. மூடி மிகச் சரியாக உட்கார்ந்திருந்தது.

அன்றே போயிருக்கலாம். பத்து நிமிட நடை. 'அண்ணா, முட்டாள்தனம் பண்ணிட்டேன்' என்றால் அண்ணன் வாரக்கணக்கில் வைத்துச் சிரித்திருப்பார், அவ்வளவுதான் தண்டனை. நிபுணருக்கு அந்தச் சிரிப்பை எதிர்கொள்ளத் தைரியம் இல்லை. அதற்குப் பதில் யோசித்தார். யோசித்ததில், தவறு இருபத்தெட்டில்தான் ஆரம்பித்தது என்று தெளிந்தது. முப்பத்தைந்து வாங்கியிருந்தால் மேல் ஜன்னல் வேண்டியிருக்காது, கவனமும் சிதறியிருக்காது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, மாற்றித்தரச் சொன்னார். வர நாளாகும் என்றார் அவர். புது லென்ஸோடு போய் நின்று, 'இன்னும் சிறப்பாக ஒன்று எடுக்கலாம் என்று வந்தேன்' என்று சொல்லிவிட்டால் போயிற்று. அதுவரை ஞாயிறுகளில் கம்பெனியில் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்தது.

அண்ணன் ஒருமுறை ஃபோனில் கேட்டார். குரல் மூச்சுக்கு மூச்சு நின்று வந்தது.

"நிபுணரே, படம் என்ன ஆச்சு?"

"கழுவக் குடுத்திருக்கேன் அண்ணா. நல்லா வரணும்னு மெதுவாப் பண்றாங்க."

"ஓ. மெதுவா." பின்னால் இயந்திரம் உறுமியது. "கறுப்பு வெள்ளைதானே?"

"ஆமா."

"வெள்ளை எவ்வளவு வருமோ பாப்போம். நேர்ல கொண்டு வா. சீக்கிரம் வா."

முப்பத்தைந்து வந்து சேர்வதற்கு முன்னால் அண்ணன் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, நிபுணர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். இயந்திரம் இல்லாத அறை அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. முப்பத்தைந்தே போதுமாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்து, நினைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டார். உரிமத்தின் மூஞ்சியை எதிர்பார்த்துத்தான் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

சுவரில் மனைவி ஃபோனில் எடுத்த படம் பெரிதாகி மாட்டியிருந்தது. கட்டிலில் அண்ணன், வாய் கொள்ளாத சிரிப்போடு. பக்கத்தில் அண்ணி, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு. எதிர் ஓரத்தில், ஒரு கண்ணை இறுக மூடி, மறு கண்ணைக் கேமராவில் புதைத்தபடி நிபுணர். கேமராவின் நடுவில், யாருக்கும் தெரிகிற மாதிரி, வட்டமாக, கறுப்பாக, மூடி.

அண்ணி பின்னால் வந்து நின்றாள்.

"முதல் படத்துலயே அவர் பாத்துட்டார் தம்பி. சொல்லிடலாமான்னு கேட்டேன். 'சும்மா இரு, கழுவிப் பாத்துட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடி வருவான். அப்ப இன்னொரு தடவை சிரிக்கலாம்'னார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சவரம் பண்ணிவிடச் சொல்வார்."

நிபுணர் தரையைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒரு நீல டேப் உரிக்கப்படாமல் இருந்தது.

"நீங்கதான் வரல," என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நிபுணர் படத்தின் ஓரத்தை விரலால் காட்டினார். "அண்ணி, இந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டிட்டா நல்லா இருக்கும். நான் இருக்கிற பக்கத்தை மட்டும்."

"அதை வெட்டிட்டா அவர் எதைப் பாத்துச் சிரிக்கிறார்னு தெரியாமப் போயிடுமே."

நிபுணர் கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார். ஃபோனின் லென்ஸ் நல்ல அகலம்தான். அந்த இருட்டு அறையில் அண்ணனின் சவரக் கீறல்கூடத் தெரிந்தது. அண்ணியின் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் நின்றவர் அவர்தான் என்பதால் அவருடைய மூக்குதான் உப்பியிருந்தது.