அரக்கு நிற வேட்டி

அரிசி மில்லிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் வாசலில் நின்றபடியே சொன்னான்: "தரணேந்திரன் அண்ணன் காலையில தவறிட்டாருங்க." மாலைக்குள் ஆரணி பஸ் நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிட்டார்கள். அதில் 'அமைதியே உருவானவர்' என்று போட்டிருந்தது. அவனை அறிந்தவர்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நண்பன் ஒருநாளும் அமைதியாக இருந்தவனில்லை.

எழுபதுகளில் எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு அமாவாசைதான் வேலை நாள். அன்று தறிக்கு ஓய்வு. நாங்கள் மண்வெட்டியோடு தெருக்கோடிக் குட்டைக்குப் போவோம். முதல்முறை தூர்வாரப் போனபோது, சேற்றில் துள்ளிய மீனையெல்லாம் குடத்தில் பிடித்து ஏரியில் விட்ட பிறகுதான் மண்ணைத் தொட வேண்டும் என்று தரணி மறித்தான். சமண வீட்டுப் பிள்ளை. ஆசைப்பட்டு நெசவு பழகித் தறி போட்டவன். "மீனுக்கு வீடு மாத்தி வைக்கிறியா?" என்று கேலி செய்தேன். "சிரிச்சிகினே தூக்குடா, குடம் ஒழுகுது" என்றான். தூக்கினேன்.

அந்த மழையில் குட்டை நிரம்பியது. முகூர்த்த மாதம் வந்ததும் தண்ணீர் அரக்கு நிறமானது. கூறைப்புடவைப் பட்டுக்குச் சாயம் போட்ட கழிவு. தெருக்கிணற்றிலும் அதே நிறம். எங்கள் மீன்களாவது ஏரியில் தப்பித்தன. சாயப்பட்டறைக்காரர்தான் எங்களுக்கெல்லாம் தறியில் நெய்யப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி. கேட்கப் போனோம். "தண்ணியப் பத்தி பேசிகினு இருந்தா, பாவு வேற எடத்துல பாத்துக்குங்க" என்றார். வாயை மூடிக்கொண்டு திரும்பினோம். தரணி மட்டும் மூடவில்லை.

அடுத்த வாரம் முதலாளி வீட்டுக் கல்யாணம். நெசவாளர் எல்லோருக்கும் அழைப்பு. தரணி தன் வெள்ளை வேட்டியைக் குட்டையில் முக்கி, உலர்த்திக் கட்டிக்கொண்டு வந்து, சம்பந்தி வீட்டாருக்கு எதிரே பந்தியில் உட்கார்ந்தான்.

"இன்னாடா வேட்டி இது?" முதலாளி பல்லைக் கடித்தார்.

"உங்க சாயந்தாங்க. கொட்டி வீணாக்குறீங்களேன்னு கட்டிகினு வந்தேன்."

சம்பந்தி விசாரித்தார்; பந்தியே சேர்ந்து விவரம் சொன்னது. அடுத்த அமாவாசையன்று மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் அதே நிற வேட்டியில் கடைத்தெருவில் நடந்தோம். எத்தனை பேருக்குப் பாவை நிறுத்துவார்? கழிவுக்குத் தனித் தொட்டி கட்டினார்.

எங்களுக்குப் பாவு நிற்கவில்லை. தரணிக்கு நின்றது, மற்ற முதலாளிகளும் கொடுக்கவில்லை. பட்டு நெய்த கை மில்லில் நெல் மூட்டை தூக்கியது. ஒருமுறை போய் மன்னிப்புக் கேட்டுவிடேன் என்றேன். "முதுகு வலிக்குதுதான். அதுக்காக அந்தாளு முன்னாடி குனிய மாட்டேன். பேஜார் பண்ணாத" என்றான். அன்று எனக்கு அவன்மேல் கோபம். இன்று பெருமை.

என் வேட்டியை அதன்பின் நான் துவைக்கவே இல்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் அவனுக்குத் தோள் கொடுத்தேன். சிலர் முறைத்தார்கள், முறைக்கட்டும். அந்த வேட்டியும் அவனுடைய பிடிவாதமும்தான் என்னிடம் இருக்கின்றன.

தொட்டி உடைந்துவிட்டது. போன வாரம் குட்டையில் மறுபடி அரக்கு நிறம் பார்த்தேன். வரும் அமாவாசையன்று காலையில் அங்கே நிற்பேன். அவனை அறிந்தவர்கள் வாருங்கள். மாலை வேண்டாம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள்.