நான் செய்யாத என் கேம்

“...பெருக்கல் குறிய அமுக்குனா விளம்பரம் மூடணும்ல? இது இன்னாத்துக்கு அசிங்கப் படத்த தொறக்குது, தம்பி?” என்று இட்லிக் கடை மல்லிகா அக்கா போனை நீட்டினார். சிறுசேரி பஸ் ஸ்டாப்பில் என் மொபைல் கேமை எல்லோருக்கும் சிபாரிசு செய்தவரே அவர்தான்.

“நான் செஞ்சது இல்லக்கா. ரெடிமேடா ஒரு கேம வாங்கி, பேரும் படமும் மாத்திப் போட்டேன். இந்த விளம்பரம் அதுலயே இருந்திருக்கு.”

“கடை மாவு வாங்குனாகூட மோந்து பாத்துதான் ஊத்துவேன். நீ தொறந்துகூட பாக்கலியா? த்தூ!”

அங்கேயே கேமை ஸ்டோரிலிருந்து நீக்கினேன். வாங்கியதை என் பெயரில் வெளியிடுவதை அன்றோடு விட்டேன்.

“எங்க போன்ல கீதே, அது?”

அதை என்னால் அழிக்க முடியாது, அவரவர்தான் அழிக்க வேண்டும் என்றேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். இட்லிக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், “அந்த கேம அழிச்சிடுங்க, நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.