மைத்துனன் கேட்ட கயிறு

எழுபதுகளின் கடைசியில், கீழ்பென்னாத்தூர் அருகே கடலை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் மேஸ்திரியாக இருந்தேன். கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் விடுமுறை. திரும்பி வந்ததும், மூடிக் கிடந்த கசடுத் தொட்டியைக் கழுவ ஆலைத் தொழிலாளி முருகேசன் இறங்கினார். உள்ளே விஷக்காற்று, அப்படியே சாய்ந்துவிட்டார். பாழுங்கிணறு என்றால் விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்க்காமல் கால் வைக்காத விவசாயக் குடும்பத்தவர்கள் நாங்கள். இது தொட்டிதானே என்று இருந்துவிட்டோம்.

அவரைத் தூக்க என் மைத்துனன் ஏழுமலை ஓடி வந்தான்.

"கயிறு எடுத்துனு வரட்டா மாமா?"

"அதுக்குள்ள அவர் உசுரு போய்டும், எறங்குடா!" என்று விரட்டினேன்.

பிறகுதான் கயிறு வந்தது. இருவரையும் பிணமாகத்தான் தூக்கினோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் திறந்து போடாமல், இடுப்பில் கயிறு கட்டாமல், யாரையும் தொட்டியில் நான் இறங்க விட்டதில்லை.

அவன் கயிறு கேட்டதை மட்டும் என் மனைவியிடம் இதுவரை சொன்னதில்லை. அவள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவள்.