அம்மாக்களையும் நேர்காணல் செய்தவர்

மெய்யப்பன் சார் காலமான செய்தி எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் வாட்சப் குழுவில் விடியற்காலை வந்தது. அடுத்த நிமிடமே அதன் கீழே "நோட்டட் வித் தேங்க்ஸ்" என்று வரிசையாகப் பதில்கள் விழுந்தன. அலுவலகச் செய்தி எதுவானாலும் உடனே அப்படிப் போட வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியவர் அவர்தான். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் பதில் போடாதவர்களைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்.

ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பிரிவில் காலமெல்லாம் இருந்து ஓய்வுபெற்றவர். முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் நேர்காணல் பயிற்சி கொடுக்க, அவரும் பள்ளி ஆசிரியையான நானும் சேர்ந்தோம். வேர்த்துக் கொட்டும் அந்த மண்டபத்தில் கோட்டும் டையுமாக உட்காருவார். "பயமெல்லாம் இங்கேயே தீர்ந்துடணும் டீச்சர்" என்பார். ஒருநாள் பிரசாதம் கொண்டுவந்த குருக்களையே நிறுத்தி, "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டார். மனிதர் மிரண்டுபோய், "வடை" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

நம் பிள்ளைகள் நேர்காணலுக்குத் தனியாக வரமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அம்மா வருவார், சில நேரம் மாமாவும் வருவார். கேள்வி பிள்ளைக்கு, பதில் அம்மாவிடமிருந்து. சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து வாழ்த்துவார்.

"வேலை உங்களுக்குத்தாம்மா. திங்கக்கிழமை வந்துடுங்க. பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிடுங்க."

எந்த அம்மாவும் வெட்கப்பட்டு அடங்கிவிடுவார். செடெனாக்கிலிருந்து வந்த வள்ளியம்மாவிடம் மட்டும் அந்த மருந்து வேலை செய்யவில்லை. "எத்தன மணிக்கு வரணும் சார்?" என்றார்.

அவர் மகள் மலர்விழி கணக்கியல் படித்தவள்; வாயைத் திறக்கமாட்டாள். ஏற்கெனவே இரண்டு இடங்களில் வேண்டாம் என்றுவிட்டார்கள். முதுகில் அடிபட்டு அப்பா வீட்டோடு கிடந்தார். மூன்றாவது இடமும் கைவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு சிங்கப்பூருக்குப் பாத்திரம் கழுவப் போவது என்று முடிவாகியிருந்தது.

அந்த மூன்றாவது நேர்காணலுக்கு நான்தான் காரில் அழைத்துப்போனேன். சாரும் கோட்டோடு ஏறிக்கொண்டார். அலுவலக வாசலில் மகளுக்கு முன்னால் வள்ளியம்மா உள்ளே நுழையப் பார்த்தார்.

"அலமாக், நீங்க எங்க போறீங்க? உங்க இன்டர்வியூ கார்லதான் லா!" என்று சார் அவரைத் திருப்பிக்கொண்டு வந்து பின்னிருக்கையில் உட்காரவைத்தார்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க."

மலர் பிறந்தது, நடந்தது, பரிசு வாங்கியது என்று வள்ளியம்மா மூச்சு விடாமல் சொன்னார்.

"இது உங்க பொண்ணப் பத்தி. உங்களப் பத்தி?"

எதற்கும் பதில் வைத்திருந்த அந்த அம்மா வாயடைத்துப்போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நல்லா சமைப்பாங்க சார்" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"கேள்வி உங்களுக்கில்ல டீச்சர். ஒருத்தர் யோசிக்கிறப்ப வாய மூடிக்கிட்டு இருக்கறதும் உதவிதான்."

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இத யாரும் என்கிட்ட கேட்டதில்ல சார்" என்றார் வள்ளியம்மா. பிறகு, "எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஒருதடவ சேலை வாங்கத் தனியா அவ்வளவு தூரம் தங்காக் வரைக்கும் போயிருக்கேன். வீட்ல தெரியாது" என்றார். சார் இருக்கும் இடத்தை மறந்து எழுந்து, காரின் கூரையில் தலையை இடித்துக்கொண்டே அவரைப் பாராட்டினார்.

மலர்விழி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "உள்ள எனக்காகப் பேச யாருமே இல்லையா, நானே பேச வேண்டியதாப் போச்சு!" அடுத்த வாரம் வேலை கிடைத்துவிட்டது.

சாரின் இறுதிச் சடங்கில் அவருடைய உறவினர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வழக்கம்போல என் கணவர், "ரெண்டு பேரும் சேர்ந்து வகுப்பு நடத்தி..." என்று தொடங்கினார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னிடம் கேட்டதற்கு நானே பதில் சொல்லும் இந்தப் பழக்கம் மெய்யப்பன் சார் எனக்கு விட்டுச்சென்றது. கொஞ்சம் யோசித்தேன். இருவரும் காத்திருந்தார்கள்.

"நான் அவரோட சிநேகிதி" என்றேன்.