அத்திம்பேர் கொண்டுவந்த ரேடியோவும் அப்பாவின் ஸ்பீக்கர்களும்

ஸ்பீக்கரின் முகத்தில் கட்டியிருக்கும் பழுப்புத் துணிக்கு ஒரு வாசனை உண்டு. தூசி, மரம், கொஞ்சம் சாம்பிராணி... மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அந்தத் துணியில் மூக்கை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அப்பா கெமிஸ்ட்ரி வாத்தியார். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஊதாரித்தனம், ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு ஆம்ப்ளிஃபையரும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும்தான். அந்தத் துணியை நாங்கள் தொட்டால் போதும், முதுகில் ஒன்று விழும்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், மஸ்கட்டிலிருந்து ஒரு ரேடியோ கொண்டுவந்தார். அதில் முள் கிடையாது. பட்டனை அழுத்தினால் பச்சை நிறத்தில் நம்பர் ஓடி ஸ்டேஷனில் நிற்கும். 'எங்காத்துல டிஜிட்டல் ரேடியோ' என்று காலேஜ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதன் உள்ளேயிருந்த ஸ்பீக்கர்தான் உள்ளங்கை அளவு... யார் பாடினாலும் கொசு பாடுகிற மாதிரி இருக்கும்.

"இதுல போய் இவ பாட்டைக் கேக்கறதாவது. பெரிய ஸ்பீக்கர்ல குடுத்துடலாம்" என்றார் அப்பா.

இவ என்றது அம்மாவை.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோவில் பாடியவள். அக்கா பிறந்தாள், நான் பிறந்தேன், பாட்டு சமையலறைக்குள் போய்விட்டது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் மறுபடியும் சாதகம் செய்து, ஆடிஷன் கொடுத்து, அரைமணி நேரக் கச்சேரி ஒன்று கிடைத்திருந்தது. பதிவு செய்துவிட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "கேட்டுப் பாக்கறேன். குரல் நன்னா இல்லேன்னா இதோட விட்டுடுவேன். அசடு மாதிரி பாடிண்டு நிக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அதுதான் எங்களுக்குப் பயம்.

அப்பா ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பக்கம் ஹெட்ஃபோன் பின், மறுபக்கம் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு பின் என்று வயர் செய்து வாங்கிவந்தார். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டுவதற்காகக் கழற்றி உள் அறையில் வைத்திருந்த ஸ்பீக்கர்களைக் கூடத்துக்கு நகர்த்தினோம். ஒலிபரப்பு அன்று காலை வரை இழுத்தடித்து, அவசர அவசரமாக வயர் மாட்டினார். ஸ்பீக்கருக்குப் பின்னால் திருகு முனைகளில் கலர் மங்கிக் கிடந்தது. சிவப்பு தெரிந்த முனையில் சிவப்பு வயர், இன்னொன்றில் கறுப்பு. சுலபமான வேலை.

அறிவிப்பாளர் அம்மா பேரைச் சொன்னார்.

பாட்டு ஆரம்பித்தது...

என்னமோ போல இருந்தது. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்தின் கனத்த சத்தமே கேட்கவில்லை. அம்மாவின் குரல் சோனியாக, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் சுவரோரமாக அலைந்தது. அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் எழுந்தாள்.

"குரல் போயிடுத்து. ஆடிஷன்ல பாவம் பாத்து பாஸ் போட்டிருக்கா. நான் குக்கர் வைக்கறேன்."

அப்பா ஆம்ப்ளிஃபையரில் பேலன்ஸ் குமிழை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். ஒரே ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. வலப்பக்கம் திருப்பினார், அங்கேயும் கணீர். நடுவில் வைத்தார்... காணோம்.

"இந்தப் பக்கம் நன்னாருக்கு. அந்தப் பக்கமும் நன்னாருக்கு. சேந்தாத்தான் இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சோடு பின்னால் போனார். நானும் எட்டிப் பார்த்தேன்.

அவர் சிவப்பு என்று நினைத்தது பெயிண்ட் இல்லை. குங்குமம்.

துணி அழுக்காகக் கூடாதென்று அப்பாதான் உள் அறையில் பெட்டிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். ஆயுத பூஜை அன்று அம்மா முகம் எது முதுகு எது என்று பார்க்காமல், துருத்திக்கொண்டிருந்த திருகில் பொட்டு வைத்திருக்கிறாள். ஒரு பெட்டியில் பிளஸ் முனையில், இன்னொன்றில் மைனஸ் முனையில். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து குரலை அடித்துப் போட்டுவிட்டன.

அப்பா வேஷ்டி நுனியால் துடைத்துவிட்டு ஒரு பெட்டியின் வயர்களை மாற்றி மாட்டினார்.

மோகனம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கூடத்துக்கு நடுவில் வந்து நின்று பாடுகிற மாதிரி இருந்தது. நிஜ அம்மா கையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னன்னா ஆச்சு?"

"வயர் தப்பு. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். உக்காந்து கேளு."

குங்குமத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. அன்று குக்கர் விசில் அடிக்க வெகு நேரமாயிற்று.

அதற்கப்புறம் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் ரேடியோவில் பாடினாள்.

இப்போது கொட்டிவாக்கம் ஃபிளாட்டில் வயரே கிடையாது. ஃபோனைத் தொட்டால் உலகத்து ரேடியோ எல்லாம் சொம்பு அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரில் துல்லியமாகப் பாடுகிறது. சரியாக இல்லையென்றால் அடுத்த ஸ்டேஷன்... யார் பாடினார்கள் என்றுகூடப் பார்ப்பதில்லை.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா ஒரு தடவையாவது உன் பாட்டு நன்னாருக்குன்னு சொல்லியிருக்காராம்மா?"

"ம்ஹும். கடைசி வரைக்கும் சொல்லலை" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "ஆனா அன்னிக்கு நானே என் குரல் போயிடுத்துன்னுட்டேன். அவர் வயரைத்தானே சந்தேகப்பட்டார்."