படாடோபக்கார அத்தான்

எங்கள் அத்தானுக்குக் கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கும் வேலை. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் வாயிலிருந்து சின்னச் சொல் வந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு மிக்ஸி வந்தால் "கோலாகலத் தொடக்க விழா" என்பார். குளியலறைக் குழாயை ரிப்பேர் செய்ததைக்கூட "வெகு விமரிசையாக" என்றுதான் சொல்வார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் தொழிலில் மனிதர் கெட்டிக்காரர். ஒருநாள் கேட்டேன்: "எல்லாம் ஒண்ணுதானே அத்தான், எதுக்கு இத்தனை வார்த்தை?"

"அது எப்படிம்மா ஒண்ணாகும்? நம்ம வீட்ல நடந்தா விமரிசை. பக்கத்து வீட்ல நடந்தா படாடோபம். நம்மளக் கூப்பிடலைன்னா வெறும் ஆடம்பரம்."

போன மாதம் அக்கா ஓய்வு பெற்றாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்தவள். வழியனுப்பு விழாவுக்கு முந்தின நாளே அத்தானிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. என் மானத்தை வாங்காதீங்க." அவரும் சத்தியம் செய்து கொடுத்தார்.

சலவைக்கூடத்து மூலையில் ஆறே நாற்காலிகள். பின்னால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதிகாரி ஒரு தாளைப் பார்த்து, "இந்த அம்மா... சமையல் பிரிவுல நல்லா வேலை பார்த்தாங்க" என்றார். ஒரு சுவர்க் கடிகாரத்தை அக்கா கையில் திணித்தார். போன் வந்ததென்று போயே போய்விட்டார்.

சமையலாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தொன்பது வருஷத்தையும் அரை நிமிஷத்தில், அதுவும் தப்பாக முடித்துவிட்டுப் போகிறார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"எந்திரிங்க அத்தான்" என்று அவர் விலாவில் இடித்தேன்.

"சத்தியம் பண்ணியிருக்கேனேம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அது அக்கா காதில் விழுந்துவிட்டது. "சத்தியமாவது மண்ணாவது! ஊர்ல யார் யாருக்கோ பேசுறீங்க. எனக்குப் பேச மாட்டீங்களா?"

அத்தான் எழுந்து தொண்டையைச் செருமினார். மைக் இல்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:

"ஆறு பேர் அலைகடலெனத் திரண்டிருக்கும் இம்மாபெரும் சபையில், கறை போகத் துவைத்து, சுருக்கம் போக மடித்து, பல்லாயிரம் நோயாளிகளைச் சுத்தமான விரிப்பில் படுக்கவைத்த சலவைக்கூடத்துச் சக்கரவர்த்தினி..."

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், அழுதுகொண்டே, "அதுக்குள்ள முடிச்சிடாதீங்க" என்றாள்.