டிஸ்பென்சர் ஐயா எழுதிய பாட்டு

ரப்பர் பால் விரலில் காய்ந்துவிட்டால் கழுவினால் போகாது, உரித்துத்தான் எடுக்க வேண்டும். இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தவர் டிஸ்பென்சர் ஐயா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, பால்வெட்டிவிட்டு வந்த மனைவியின், நான் அக்கா என்று கூப்பிடுபவரின், விரல்களை ஒவ்வொன்றாக அவர் உரித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அவருடைய சொந்தக்காரர்கள் அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஐயா பாட்டு எழுதுவார், அதுவும் சிங்களத்தில். நான் பஜாரில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் சிங்களக் கல்யாண வீடுகளுக்குப் போகும் ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தேன். தோட்டத்தை விட்டுப் போன துரை ஒருவர் ஐயாவிடம் சில இசைத்தட்டுகளைக் கொடுத்திருந்தார். எல்லாம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் பாட்டுகள். “வார்த்தை பாதி வெளங்காது தம்பி. ஆனா ஒருத்தன் வெக்கத்த விட்டு கெஞ்சுறான்ல, அது நல்லா வெளங்குது” என்பார். அவரும் அப்படித்தான் எழுதினார். மனைவியின் விரலில் காய்ந்த பாலை உரிக்கும் ஒருவன், வேலை முடிந்துவிடக் கூடாதே என்று மெதுவாக உரிப்பதாக ஒரு பாட்டு. அதற்கு நான்தான் மெட்டுப் போட்டேன். அத்தனை நல்ல வரிகள் என் கைக்கு அதன் பிறகு வரவே இல்லை.

குழு அதைக் கேசட்டில் சேர்த்தது. அட்டை அச்சடிக்கப் போகும்போது எழுதியவர் யார் என்று குழுத் தலைவர் கேட்டார். ஐயாவுடையது தமிழ்ப் பெயர்; வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே எனக்கு நடுக்கம் பழகிப்போயிருந்தது. “கேகாலையில் எனக்குத் தெரிந்த ஒருவர்” என்று, வாயில் வந்த ஒரு சிங்களப் பெயரைச் சொன்னேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை. பயந்தாங்கொள்ளித்தனம் முழுவதும் என்னுடையது.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா. அக்காகிட்டகூட வேணாம், சந்தோசத்துல லயம் பூரா சொல்லிருவாங்க” என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். “சரி தம்பி. அடுத்த கேசட்டுல பாப்போம்” என்றார்.

பாட்டு தெரணியகலை பஸ்களிலெல்லாம் ஓடியது. ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரேடியோவில் வந்தது. அக்கா சட்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். “கேளுங்க தம்பி, எவனோ ஒரு மகராசன் பொண்டாட்டிக்குப் பாட்டே கட்டியிருக்கான். நம்ம ஆளும் தெனம் உரிக்கிறாரு, ஒரு வார்த்த வருதா வாயில?” ஐயா குனிந்து சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அக்கா இதே கேலியைச் சொல்வார். ஐயா எனக்குக் கொடுத்த வாக்குத் தவறவே இல்லை.

அடுத்த கேசட்டுக்கு நான் பாட்டுக் கேட்கவில்லை. கேட்டால் தன் பெயரைப் போடச் சொல்லி ஐயா கேட்பாரே. பிறகு கேசட்டுக் காலமே போய்விட்டது. சண்டை முடிந்த வருடம் மாரடைப்பில் ஐயாவும் போய்விட்டார். குழுத் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். உனக்கென்ன பைத்தியமா, அவர் பெயரையே போட்டிருப்பேனே என்று சிங்களத்தில் என்னைத் திட்டினார்.

கருமாதி முடிந்த மறுநாள் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். “அட்டையில போட்டிருந்த பேரு யாருது தம்பி?” என்று கேட்டார்.

“யாருதும் இல்லக்கா. நானா சும்மா சொன்னது.”

“அப்ப இல்லாத ஒருத்தனக் காட்டியா, அவர இத்தன வருசம் குத்திக் குத்திப் பேசினேன்?”